விசிட்டர் பட்டியலில் தம்பி பெயர் இல்லை

15 நாளுக்கு ஒருமுறை, 15 நிமிடம். ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பார்க்க ஜெயா ஜேட்லிக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதற்கும் அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆண்டு 2012.

மங்களூரில் பிறந்து, பாதிரியார் ஆவதற்காகப் பெங்களூர் செமினரியில் சேர்ந்து, அது ஒத்துவராமல் பம்பாய்க்குப் போய், 1974இல் நாட்டின் ரயில்களையே நிறுத்திக் காட்டியவர் ஜார்ஜ். பிறகு பாதுகாப்பு அமைச்சர். கடைசிக் காலத்தில் அல்சைமர் நோயும் பார்க்கின்சன் நோயும் சேர்ந்து அவரைப் படுக்கையில் போட்டன. ஏறக்குறைய 25 ஆண்டு பிரிந்திருந்த மனைவி லைலா கபீர், 2010இல் திரும்பி வந்து பராமரிப்பை ஏற்றார். கூடவே வழக்கும் வந்தது. தம்பிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பல ஆண்டு உடனிருந்த ஜெயா ஜேட்லியும் போனார். ஜார்ஜ் மனைவியோடுதான் இருப்பார், தம்பிகள் வந்து பார்க்கலாம் என்று 2010 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் ஜார்ஜ் இறந்தார்.

யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. 2019 ஜனவரியில் ஜார்ஜ் இறந்தார். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களின் பாரம் வெளியே இருந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த எங்கள் தலைமுறைக்கு அது வெறும் டெல்லிச் செய்தி அல்ல. தம்பிகளில் ஒருவரான மைக்கேல் பெர்னாண்டஸ் எங்கள் தொழிற்சங்கத்தில் தலைவராக இருந்தவர். அண்ணனைப் பார்க்கத் தம்பிகள் கோர்ட் படி ஏற வேண்டுமா என்று தூரவாணி நகர் டீக்கடையில் பேசிக்கொண்டோம். “சொத்தும் பதவியும் இருக்கிற வீட்டுச் சண்டைப்பா அது” என்று ஒருவர் பேச்சை முடித்துவைத்தார்.

பதவி ஏதும் இல்லாத என் அக்காவுக்கும் பிறகு அதுதான் நடந்தது. கோர்ட் மட்டும் இல்லை.

அக்கா அல்சூரில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 79. அத்தான் காலமான பிறகு தனியாகத்தான் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி, கேஸ் அணையாமல் கிடந்தது ஒருநாள். இன்னொரு நாள் ஏரிக்கரைப் பக்கம் போனவளுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் காட்டினோம். டிமென்ஷியா என்றார்கள். சியாட்டிலில் இருக்கும் அவள் மகன் விடுப்பு போட்டு ஓடிவந்தான். அவனுக்குக் கிடைத்த சொற்ப நாட்களில் நாலைந்து இடம் பார்த்து, ஹென்னூருக்கு அப்பால் ஒரு ‘மெமரி கேர்’ இல்லத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பினான். மாதம் அரை லட்சத்துக்குக் குறையாமல் கட்டுகிறான். நல்ல பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேர்க்கும்போது கையெழுத்திட்ட படிவத்தில், பார்க்க வரலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்: மகன், மருமகள். இருவரும் இருப்பது அமெரிக்காவில். அதாவது, என் அக்காவைப் பார்க்க அனுமதி உள்ள ஒருவர்கூட இந்தியாவில் இல்லை. கேட்டில் இருந்த காவலாளி ரிஜிஸ்டரை இரண்டு தடவை புரட்டிவிட்டு, என் பெயர் இல்லை என்று கையை விரித்தார். தாய்மாமன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். இப்போது அவன் மெயில் அனுப்பினால்தான் எனக்குக் கதவு திறக்கும். படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்துக்குக் கீழே கணவன், மனைவி, மகன், மகள் எல்லாம் உண்டு. கூடப் பிறந்தவனுக்கு ‘மற்றவை’.

மேனேஜர் அம்மா மரியாதையாகத்தான் பேசினார். முதல் மாதம் யாரும் வராமல் இருந்தால்தான் புதிய இடத்தில் ‘செட்டில்’ ஆவார்கள். வந்து போனால் அழுவார்கள், இரவெல்லாம் தூங்க மாட்டார்கள். அதன் பிறகு சனி, ஞாயிறு மாலை நாலு முதல் ஐந்து வரை, அதுவும் பிரதானத் தொடர்பாளர் சம்மதித்தால். பிரதானத் தொடர்பாளர் என்றால் பணம் கட்டுகிறவர்.

அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு அப்போது நடு இரவு. “மாமா, உங்கள வர வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அவங்க புரோட்டோகால் அப்படி. யாராவது வந்து அம்மாகிட்ட கைநாட்டு வாங்கிட்டா நான் இங்கருந்து என்ன பண்ண முடியும்?” அவன் என்னைச் சொல்லவில்லை. ஆனால் அல்சூரில் முப்பதுக்கு நாற்பது சைட் இன்று என்ன விலை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நினைவு தவறிய முதியவர்களின் கட்டை விரலை மையில் அழுத்தி வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட உறவுகள் நம் எல்லோர் ஊரிலும் உண்டு. ஆனால், ஒரு திருடன் வரக்கூடும் என்பதற்காக ஒரு கிழவியை யாருமே பார்க்காமல் வைப்பது என்ன கணக்கு?

அந்த நாலு மணி என்ற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிமென்ஷியா வந்தவர்களைப் பார்த்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொழுது சாயச் சாய அவர்களுக்குப் பரபரப்பு கூடும். வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், கதவைத் தட்டுவார்கள், அருகில் வருபவரை அடிக்கக் கை ஓங்குவார்கள். மருத்துவர்களும் இதைத் தனி அறிகுறியாகவே குறிக்கிறார்கள். அக்காவுக்கு நல்ல நேரம் காலை. குளிப்பாட்டித் தலை வாரி, பத்து மணி வெயிலில் உட்கார வைத்தால் சிரிப்பாள், பழைய பிள்ளைகள் பெயர்கூட ஒன்றிரண்டு வரும். அந்த நேரத்தில் வாசலைப் பூட்டிவிட்டு, அவள் மிகவும் கலங்கியிருக்கும் நேரத்தில் திறந்தால், விசிட்டர் வந்ததால்தான் அழுதாள் என்றுதானே ரிஜிஸ்டரில் எழுதுவார்கள்?

மொழி இன்னொன்று. அக்காவுக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொஞ்சம் தெலுங்கு. பெங்களூர்த் தமிழர்களுக்கு இது சாதாரணம். பல மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா தாமதமாக வருகிறது என்று ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் எழுதினார்கள். தாமதம் சராசரியாக நாலரை ஆண்டு. அல்லாடி பிறகு நம்ம ஊர் நிம்ஹான்ஸுக்கே வந்தார். தாமதமாக வரலாம், ஆனால் வந்த பிறகு பிந்திக் கற்ற மொழிகள் ஒவ்வொன்றாக விலகுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். முதலில் ஆங்கிலம் போனது, அப்புறம் கன்னடம். இப்போது அவளிடம் மிஞ்சியிருப்பது தமிழ் மட்டும். அந்த இல்லத்தில் அவளைத் தூக்கி இறக்கும் பெண்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். குணமான பிள்ளைகள், சொற்பச் சம்பளத்துக்கு மலம் கழுவுகிறவர்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் “தாகமா இருக்கு” என்றால் அவர்களுக்குப் புரியாது. “மாதாஜி, கானா கா லோ” என்றால் இவளுக்குப் புரியாது. வாயைத் திறக்கவில்லை, அடம் பிடிக்கிறார் என்று குறிப்பேட்டில் ஏறும். “டீச்சர், ரசஞ்சாதம் கொண்டாந்திருக்கேன்” என்று சொன்னால் அதே வாய் திறக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது அவளுக்குச் சாப்பாட்டோடும் தண்ணீரோடும் சேர்ந்த தேவை.

எனக்குக் கதவு எப்படித் திறந்தது என்று கேட்கலாம். சண்டை போட்டு அல்ல. வாரம் ஒருமுறை வரும் டாக்டரைப் பிடித்து, எடை குறைந்துகொண்டே வருவதைக் காட்டினேன். பழகிய ஆள் தாய்மொழியில் பேசி ஊட்டினால் நல்லது என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அந்த வரிகளைப் படம் பிடித்து சியாட்டிலுக்கு அனுப்பினேன். மருமகனும் உடனே மெயில் போட்டான். அதன்பின் மேனேஜர் அம்மாவிடம், நான் விசிட்டராக வரவில்லை, காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கையாக வருகிறேன், உங்கள் பெண்களுக்கு அந்த அரை மணி மிச்சம் என்றேன். ஆதார் நகல் கொடுத்தேன். எந்தக் காகிதத்திலும் அக்காவிடம் கையெழுத்து வாங்க மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தேன். அவமானமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் கதவு திறந்தது. இப்போது காலையில்தான் போகிறேன்.

எனக்கு ஓய்வூதியம் உண்டு, பஸ் ஏறக் கால் உண்டு, மருமகனோடு பேச்சு உண்டு. மூன்றும் இல்லாத தங்கைகளும் தோழிகளும் என்ன செய்வார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை இவற்றோடு நினைவாற்றலிலும் இடம், காலம் அறிவதிலும் வரும் பெரும் கோளாறையும் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மனநல நிறுவனம். பதிவு செய்ய வேண்டும். உறவினரோடு அல்லது நண்பரோடு வசிக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு. இந்த விளக்கத்தைப் படித்தால் மெமரி கேர் இல்லம் இதற்குள் வராது என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. 26ஆம் பிரிவு, அங்கே இருப்பவருக்குப் பார்வையாளரைச் சந்திக்கவும் மறுக்கவும், போன் பேசவும் உரிமை உண்டு என்கிறது. உரிமை யாருக்கு என்று பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு. பணம் கட்டுகிறவருக்கு என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

ஆனால் அதே வரியில், நியாயமான நேரங்களில், நிறுவனத்தின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு என்றும் இருக்கிறது. எல்லா இல்லங்களும் இந்த இடத்தில்தான் காவலாளியை நிறுத்தியிருக்கின்றன. இன்னொரு வேடிக்கையும் அந்தப் பிரிவில் உண்டு. எந்த நிலையிலும் தடுக்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல்: நீதிபதி, மறுஆய்வு வாரிய உறுப்பினர், வழக்கறிஞர், நோயாளியின் நியமனப் பிரதிநிதி, பிறகு எம்.பி., எம்.எல்.ஏ. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. நினைத்தால் நாளைக் காலை என் அக்காவைப் போய்ப் பார்க்கலாம். அவருக்கு அக்கா யாரென்றே தெரியாது. கூடப் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இந்தச் சட்டத்தை யாரும் எடுத்துக் காட்டாததற்குக் காரணம் நாமும்தான். ‘எங்கம்மாவுக்கு மனநோய் இல்லீங்க, மறதிதான்’ என்று வீட்டார் சொல்வார்கள். இல்லத்தாரும் முதியோர் இல்லம் என்று போர்டு மாட்டிக்கொள்வார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 ஜீவனாம்சம் பற்றிப் பேசும், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் பற்றிப் பேசும். பார்க்க வருகிறவர் உரிமை பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை.

சிறையில் இருப்பவருக்கோ 1981லேயே விடை கிடைத்துவிட்டது. கடத்தல் தடுப்புக்கான காஃபிபோசா சட்டத்தில் திகாரில் அடைக்கப்பட்ட பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண், தன் ஐந்து வயது மகளையும் சகோதரியையும் மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்துப் போனார். விசாரணைக் கைதிக்கே வாரம் இரண்டு சந்திப்பு உண்டு, மாதம் ஒன்று என்பது நியாயமற்றது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று நீதிபதி பகவதி எழுதினார். ‘நண்பர்களையும்’ என்பதைக் கவனியுங்கள். கடத்தல் வழக்குக் கைதிக்கு வாரம் இரண்டு. குற்றம் ஏதும் செய்யாமல், பிள்ளைகள் பாடம் மறக்கக் கூடாதென்று கத்திக் கத்தித் தொண்டை போன டீச்சருக்கு, மெயில் வந்தால் ஒன்று.

இங்கிலாந்தில் இதற்காகப் போராடிச் சட்டமாக்கியிருக்கிறார்கள். 2014இல் ஜான் ஜெரார்டு என்ற அல்சைமர் நோயாளி, வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தொற்று பரவியதால் குடும்பத்தாருக்குக் கட்டுப்பாடு. ஐந்து வாரம் கழித்து வெளியே வந்தபோது நடையும் பேச்சும் போயிருந்தன. அந்த நவம்பரில் இறந்தார். அவர் மகள், எழுத்தாளர் நிக்கி ஜெரார்டு, தோழி ஜூலியா ஜோன்ஸோடு சேர்ந்து தந்தை பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். டிமென்ஷியா நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர் விசிட்டர் அல்ல, பராமரிப்பின் பகுதி என்பதுதான் அவர்கள் வாதம். கோவிட் காலக் கதவடைப்புக்குப் பிறகு அந்தக் குரல் வலுத்தது. 2024 ஏப்ரல் 6 முதல் அங்கே பராமரிப்பு இல்லங்களும் மருத்துவமனைகளும், அசாதாரண சூழ்நிலை தவிர, பார்வையாளரை அனுமதித்தே ஆக வேண்டும். உரிமம் தரும் ஆணையம் அதைச் சோதிக்கும்.

இல்லம் நடத்துகிறவர்கள் பக்கம் இருக்கும் சங்கடங்களை நான் மறுக்கவில்லை. குளிப்பாட்டும் நேரத்தில் அந்நியர் நடமாடினால் மற்ற முதியவர்களின் மானம் என்னாவது? விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் பாசத்தில் லட்டை ஊட்டிவிட்டுப் போகிற மாமிகள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு மைசூர்பாகு கொண்டுவருகிற சித்தப்பாக்கள் உண்டு. காய்ச்சலோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். இவற்றுக்கெல்லாம் விதி போடட்டும். கையெழுத்துப் பயம் இருந்தால், ஒரு சிஸ்டர் உடன் இருக்கும்போது சந்திக்கட்டும், பையைச் சோதிக்கட்டும். ஒரு குறிப்பிட்ட ஆளால் ஆபத்து என்றால் அவரை மட்டும் தடுத்து, ஏன் என்று எழுத்தில் கொடுத்து, இத்தனை நாளுக்கு என்று கெடு வைக்கட்டும். ‘பட்டியலில் இல்லை’ என்பது காரணம் அல்ல.

60 வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வந்த தேசிய ஆய்வு கணக்கிட்டது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் கஸ்தூரி நகரில் தனி மையம் தொடங்கிய 2010இல் இப்படிப்பட்ட இடங்கள் அரிது. இப்போது ஹென்னூர், சர்ஜாபூர், பன்னேர்கட்டா எந்தச் சாலையில் போனாலும் போர்டுகள் கண்ணில் படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், உறவுகள் உள்ளூரில் என்று இருக்கிற நகரம் இது. கர்நாடக மாநில மனநல ஆணையம் இவற்றைப் பதிவு செய்யும்போதே பார்வை நேரத்தை ஒரு நிபந்தனையாக்கலாம்: தினமும் காலையும் மாலையும், உள்ளூரில் இருக்கும் குறைந்தது இரண்டு பேர், மறுத்தால் எழுத்தில் காரணம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 26ஆம் பிரிவு சொல்லும் ‘நெறிமுறை’ என்ன என்பதை ஆணையம் வரையறுத்தால் போதும். உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடச் சட்டம் வழி தருகிறது, கட்டணமில்லாமல். ஆனால் போட வேண்டியவர் நோயாளி, அல்லது அவருடைய நியமனப் பிரதிநிதி, அல்லது அவர் சம்மதத்தோடு ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனம். கதவை மூடியவரே நியமனப் பிரதிநிதியாக இருந்தால்? உடன்பிறந்தவரும் மனு போடலாம் என்று அதைத் திருத்த வேண்டியது டெல்லியின் வேலை.

அதுவரை வாசகர்கள் செய்யக் கூடியது உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்போதே, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமனப் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே தாளில், யார் யார் என்னைப் பார்க்க வர வேண்டும் என்றும் எழுதிவையுங்கள். நான் எழுதிவிட்டேன். பழைய ஐ.டி.ஐ. நண்பர்கள் மூவர் பெயரும் அதில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவைச் சேர்த்தபோது நீங்கள் கையெழுத்திட்ட படிவம் உங்கள் மெயிலில்தான் கிடக்கும். இன்று ராத்திரி தேடி எடுங்கள். மாமாவோ, சித்தியோ, அம்மாவோடு வேலை பார்த்த டீச்சரோ, அம்மா இருக்கும் அதே ஊரில் வசிக்கும் இரண்டு பேரின் பெயரைச் சேர்த்து இல்லத்துக்கு அனுப்புங்கள். அம்மாவுக்கு எந்த நேரம் நல்ல நேரம் என்று கேட்டு, அந்த நேரத்தில் அவர்களை உள்ளே விடச் சொல்லுங்கள்.